நடுவருக்கு இரண்டு நிமிடம்

“இடைவேளையை ரெண்டு நிமிஷம் நீட்டுங்க அண்ணே. கண்ணுக்குள்ள வச்சிருக்கிற லென்ஸைச் சரிபண்ணணும்.”

நடுவர் தனக்காக நேரம் கேட்கவே கூடாது என்று முதல் நாளே எனக்குச் சொன்ன கால்பந்துச் சங்கச் செயலாளர்தான் எதிரில் நின்றார்.

“நடுவருக்குக் கண்ணு தெரியலைன்னு கேலரியே கத்துது. நீயும் சேந்து கத்தாதம்மா.”

“கண்ணு தெரியுது. இது சிலிண்டர் பவர் லென்ஸ், நேரா நின்னாத்தான் சரியா தெரியும். ஓடுனதுல திரும்பிக்கிச்சு, கோல் கோடு ரெண்டா தெரியுது.”

“அப்போ ரெண்டு தடவை விசில் ஊது.”

துணை நடுவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். நடுவர் வேலைக்கான விண்ணப்பத்தில் கண் பவரை மறைக்காமல் எழுதியதற்கு அப்பா இன்னும் திட்டுகிறார்.

“வெளிய தெரிஞ்சா உனக்கு இனி மேட்ச்சே கிடைக்காது. கண்ணாடி போட்டுக்கோயேன்.”

“பந்து பட்டா உடையிறது உங்க மூக்கு இல்லையே.”

கையைக் கழுவி, லென்ஸைக் கழற்றி அதற்கான திரவத்தில் அலசி மறுபடி வைத்தேன். சிமிட்டிச் சிமிட்டிக் காத்திருந்ததில், செயலாளரின் இரண்டு மீசைகளும் மெல்ல ஒன்றாயின.

“மீசைக்கு டை அடிச்சிருக்கீங்க போல.”

“மறுபடி திரும்புனா என்ன பண்ணுவ?”

“ஆட்டத்தை நிறுத்துவேன். ஏன்னு ரிப்போர்ட்லயும் எழுதுவேன்.”

விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு நடந்தேன்.