அடிமூட்டை லெவல்

தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தபோது உமாதேவி கம்ப்யூட்டர் திரையில் ஒரு கடலை மூட்டையை நகர்த்திக்கொண்டிருந்தாள். விரல் நகம் அளவுதான் மூட்டை.

"உமா, நான்தான்."

செண்பகராஜின் குரல். ஆனால் ஏதோ அண்டாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போல அமுங்கி வந்தது.

"ஏலே, இது யாரு நம்பரு?"

"லோடு எறக்குற சுடலைராஜ் போனு. என் போன எங்கம்மா வாங்கி வச்சிருக்காவ. கயத்தாறு லாரிக்காரன்ட்ட பேசணுமாம். அவிய போன்ல சார்ஜ் தீந்துபோச்சு."

"இதச் சொல்லவா கூப்பிட்ட?"

"சார்ஜ் ஏன் தீந்துச்சுன்னு கேளு."

"சரி, ஏன் தீந்துச்சு?"

"காலையிலேருந்து உன் கேமைத்தான் விளையாடிக்கிட்டு இருந்தாவ."

உமாவின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. திரையில் மூட்டையும் பாதி வழியில் நின்றது.

*

ஜெராக்ஸ் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு லேப்டாப், சோதனைக்கு நாலைந்து பழைய போன்கள், கழுத்து ஒடிந்த டேபிள் ஃபேன். கோவில்பட்டி வெயில் முழுவதும் தன் தலையில்தான் இறங்குகிறது என்று நம்பியபடி, உமா அங்கே தனியாளாக உட்கார்ந்து மொபைல் புதிர் விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தாள். முதல் இரண்டை யாரும் சீண்டவில்லை. மூன்றாவது ஓடியது. 'டீக்கு ஒரு நிமிஷம்' என்று பெயர்.

விளையாட்டு எளிது. ஒரு கடலைமிட்டாய் கம்பெனி. வேலைக்காரப் பெண் ஒருத்தி முதலாளியம்மா கண்ணில் படாமல் டீக்கடைக்குப் போக வேண்டும். மூட்டை, தட்டு, டிரம் எல்லாவற்றையும் விரலால் தள்ளித் தள்ளி முதலாளியம்மாவின் பார்வையை மறைத்து, வழி உண்டாக்கி நழுவ வேண்டும். பார்த்துவிட்டாளோ, "எங்கன கெளம்பிட்ட?" என்று ஓர் அதட்டல் வரும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஈரோட்டிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் இந்த அதட்டலைச் சொல்லிச் சிரிப்பதாகக் கேள்வி.

அந்த முதலாளியம்மாவை உமா கற்பனையில் வரையவில்லை. பெரிய கொண்டை, அதைவிடப் பெரிய மூக்கு, இடுப்பில் சாவிக்கொத்து. கோவில்பட்டியில் யாரிடம் காட்டினாலும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். வெயிலுகந்தம்மாள்.

உமா அவளுடைய கடலைமிட்டாய் கம்பெனியில் ஒரு வருஷம் பில் போடும் வேலை பார்த்தவள். கணவர் போன பிறகு கம்பெனியைத் தனி ஒருத்தியாகத் தூக்கி நிறுத்திய வெயிலுகந்தம்மாளுக்கு, ஊர் கெட்டதே டீயால்தான் என்று அசைக்க முடியாத ஓர் அபிப்பிராயம் உண்டு. "டீயில என்ன இருக்கு? கலங்குன சுடுதண்ணி. பொறந்ததுலேருந்து நான் தொட்டதில்ல" என்பாள். அந்த ஒரு வருஷத்தில் உமா கற்றுக்கொண்டவை இரண்டு. அவள் கண்ணில் படாமல் டீக்கடைக்குப் போவது எப்படி என்பது ஒன்று. அவள் மகன் செண்பகராஜும் அதே வேலையாகத்தான் அங்கே வருகிறான் என்பது இன்னொன்று.

போன வாரம்தான் செண்பகராஜ் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, உமாவைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னான். வெயிலுகந்தம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"அந்தப் பிள்ள இப்ப என்ன தொழில் பண்ணுது?"

"போன்ல விளையாடுற கேம் செய்யுது."

"அத எனக்கு ஏத்திக் குடு. முழுசாப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

முழுசாக என்றால் முழுசாகத்தான். லாரியில் கடலை லோடு வந்தால் வெயிலுகந்தம்மாள் மேல்மூட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். லோடுமேன்கள் முனக முனக, எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிற மூட்டையை இழுத்துப் போடச் சொல்லி, அதைத்தான் முதலில் பிரிப்பாள். மேல்மூட்டையை நல்லதாகக் கட்ட யாருக்குத்தான் தெரியாது?

உமாவின் விளையாட்டில் அடிமூட்டை நாற்பதாவது லெவல். அதை முடித்தால் ஒரு காட்சி வரும். வேலைக்காரப் பெண் டீக்கடையை எட்டிவிடுவாள். அங்கே யானைக் காதுடன் ஒரு பையன் இரண்டு கிளாஸ் டீயோடு காத்திருப்பான். துரத்தி வரும் முதலாளியம்மா கால் வழுக்கி, பாகுச் சட்டிக்குள் 'தொப்'பென்று உட்காருவாள். கொண்டை அவிழும். மேளம் முழங்கும்.

வரைந்த அன்று உமா தனியாக அறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பாகுச் சட்டிக்குள் உட்கார வைத்த மாமியாரே இதை விளையாடிப் பார்ப்பாள் என்று அன்றைக்குத் தெரியாதே.

*

"மாத்திரு உமா. இப்பவே அந்தக் கடைசிப் படத்த மாத்திரு" என்றான் செண்பகராஜ்.

"மாத்திட்டா மட்டும் போதுமா? அது ஆப்புக்குள்ளயே இருக்கு. உங்கம்மா அப்டேட் போட்டாத்தான் புதுசு வரும்."

"அவிய எதையும் அப்டேட் போட மாட்டாவளே. ஓடுற வண்டிய எதுக்குக் கழத்தணும்பாவ."

"நீ போடு."

"அவிய போன் இடுப்புல இருக்கு. சாவிக்கொத்துக்குப் பக்கத்துல. கைய நீட்டினேன். 'கைய எடு'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாவ. கையப் பின்னால கட்டிக்கிட்டு வந்துட்டேன்."

உமா நெற்றியைத் தேய்த்தாள். ஒரே ஒரு சந்து இருந்தது. முடிவுக் காட்சிதான் ஆப்புக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. லெவல்கள் நெட் வழியாக இறங்குபவை. நாற்பதாவதுக்கு முன்னால் புதுப் புது லெவல்களைச் செருகிக்கொண்டே போகலாம்.

"ஏலே, உங்கம்மா எத்தனாவது லெவல்ல இருக்காவ?"

"பன்னெண்டு."

"சரி. அவிய அலுத்துப்போயி போனத் தூக்கிப் போடுற வரைக்கும் நான் மூட்டை அடுக்குதேன்."

*

அப்படி ஆரம்பித்தது அந்தப் பந்தயம்.

மாடியில் உமா லெவல் செய்தாள். கம்பெனியில் வெயிலுகந்தம்மாள் அதை உடைத்தாள். உமா டிரம்களை உருள வைத்தாள், வெயிலுகந்தம்மாள் அதையும் உடைத்தாள். உமா திரையில் முதலாளியம்மாவுக்கு முதுகிலும் ஒரு ஜோடிக் கண் வைத்தாள். அதை உடைக்க மட்டும் வெயிலுகந்தம்மாளுக்கு ஒரு முழு மத்தியானம் பிடித்தது. மற்ற ஆட்டக்காரர்கள் கதறினார்கள். 'இதுக்கு நான் வீட்டுலயே டீ போட்டுக்குவேன்' என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார் ஒருவர்.

செண்பகராஜ் கிடைத்த போனிலெல்லாம் கூப்பிட்டுச் செய்தி சொன்னான்.

"உமா, இன்னைக்கு பின்வாசல்ல கெடந்த டிரம்ம நகத்தச் சொன்னாவ."

"டிரம்ம விடு. எத்தனாவது லெவலு?"

"இருபத்தாறு."

மறுநாள்: "சிமெண்ட் வாங்கியாந்திருக்காவ. சந்துச் சுவர்ல ஓட்டை இருக்குல்லா, அத அடைக்க."

"ஓட்டைக்கு என்னலே இப்ப? லெவலச் சொல்லு."

"முப்பத்தொண்ணு. உமா, இன்னொண்ணு. தட்டு அடுக்குற எடத்துல ஸ்டூல் போட்டு அவியளே உக்காந்துட்டாவ. பொம்பளையாள்கள் எல்லாரும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காளுவ. எனக்கு என்னமோ சரியாப் படல."

"எனக்கு மட்டும் சரியாப் படுதா? வையி போன."

உமாவுக்கு யோசிக்க நேரமில்லை. வழிகள் தீர்ந்துபோய்விட்டன. ஒன்றைத் தவிர, கம்பெனியில் உண்மையாகவே இருக்கிற வழிகளையெல்லாம் ஆரம்பத்திலேயே லெவலாக்கியாயிற்று. இப்போது இல்லாத வழிகளைக் கற்பனை செய்ய ஆரம்பித்தாள். மொட்டை மாடி ஏறித் தகரத்தில் சறுக்குவது. காலி அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து லோடோடு லோடாக வெளியேறுவது.

அதற்கு அடுத்த நாள் போனே வரவில்லை.

மத்தியானம், ஃபேன் கரகரத்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் ஒரு சத்தம் கேட்டது.

சாவிக்கொத்தின் சத்தம்.

உமா எழுந்தாள். துப்பட்டாவை எடுத்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் வீட்டு மாடிக்குத் தாண்டிவிட முடியுமா என்று ஒரு கணம் கணக்குப் போட்டாள். வாசலைத் தொடுவதற்குள் வாசல் அடைபட்டுவிட்டது.

"எங்கன கெளம்பிட்ட?" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

*

இருந்த ஒரே நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். உமா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"கடைசி லெவலுக்கு வந்துட்டேன். இத உன் முன்னாலயே முடிக்கலாம்னு வந்தேன்."

"முதலாளியம்மா, வெயில்ல வந்திருக்கீய. மொதல்ல மோர்..."

"வேண்டாம். பேசாம நில்லு. கை தடுமாறுது."

கை ஒன்றும் தடுமாறவில்லை. தடித்த ஆள்காட்டி விரல் திரையில் மூட்டைகளை அப்படியும் இப்படியும் தள்ளியது. டிரம் உருண்டது. வழி திறந்தது. உமா கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் காது கேட்டது. 'தொப்.' மேளம்.

மேளம் நின்றது.

"ஏட்டி, கண்ணத் தொற. என் மூக்கு இவ்வளவு பெருசாவா இருக்கு?"

"அது... வரையும்போது கொஞ்சம்..."

"எம் மவன் காது மட்டும் சரியாத்தான் வந்திருக்கு."

உமா உள்ளங்கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். "முதலாளியம்மா, இது நான் எப்பவோ செஞ்சது. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் இத்தனை நாளும் நீங்க அங்கன போயிராம..."

"மூட்டையா அடுக்குன. தெரியும். மொத நாளே இந்தப் படத்த நான் பாத்தாச்சு."

"மொத நாளேவா?"

"அடிமூட்டையப் பிரிக்காம நான் எதையாவது வாங்கிப் பாத்திருக்கியா? எம் மவன் போன்ல ஆட்டம் முடிஞ்சு கடைசி வரைக்கும் தொறந்து கெடந்துச்சு. லாரிக்காரன்ட்ட பேசணும்னு வாங்கினேன்." இடுப்புச் சாவிக்கொத்தைத் திருகினாள். "அந்தப் போன்ல வேற எதையும் பாக்கல. பாத்த வரைக்கும் போதும்னு வச்சுட்டேன்."

உமாவின் முகம் சூடாகிவிட்டது. "பெறகு எதுக்கு எல்லா லெவலையும் விளையாடுனீய?"

வெயிலுகந்தம்மாள் முதல் தடவையாகச் சிரித்தாள். அதட்டலைவிட அந்தச் சிரிப்பு பயமாக இருந்தது.

"எங் கம்பெனிப் பொம்பளையாள்க எந்த வழியா டீக்கடைக்குப் போறாளுவன்னு இத்தன வருசமாத் தலைகீழா நின்னு பாத்துட்டேன். தெரியல. நீ என்னடான்னா ஒவ்வொண்ணையும் படம் போட்டுக் குடுத்திருக்க. பின்வாசல் டிரம்மு, நகத்தியாச்சு. சந்துச் சுவரு, பூசியாச்சு. தட்டு அடுக்கு, நானே உக்காந்தாச்சு."

உமாவுக்கு இப்போதுதான் செண்பகராஜ் சொன்ன செய்திகள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன.

"மொட்டை மாடித் தகரம்..." என்று இழுத்தாள். "அது நானா இட்டுக் கட்டுனது, முதலாளியம்மா. அப்படி ஒரு வழியே கெடையாது."

"கெடையாதுதான். ஆனா யோசிச்சா முடியும்லா? அங்கயும் முள்ளுக்கம்பி போட்டாச்சு."

அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். உமாவுக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"ஆனா ஒண்ணு இடிக்குது. எல்லா வழியையும் அடைச்ச பெறவும், நேத்து சாயங்காலம் தட்டு அடுக்குற வெள்ளைத்தாயி பக்கத்துல போனா ஏலக்கா டீ மணக்குது. அப்ப ஒரு வழி இன்னும் இருக்கு. நீயும் எம் மவனும் போன வழி. அத மட்டும் நீ கேம்ல வைக்கல. அது எதுன்னு சொல்லு. வெள்ளிக்கிழமை எட்டயபுரத்துல உங்க வீட்டுக்கு நாலு பேரோட வாரேன்."

அந்த வழி உமாவுக்குத் தெரியாதா என்ன? பில் போடுகிற அறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒரு ஜன்னல். கம்பியில் இரண்டு திருகு லூஸ். லூஸாக்கியதே அவளும் செண்பகராஜும்தான். வேலையை விட்டு வந்த அன்று, மிட்டாய்த் தட்டு அடுக்கும் வெள்ளைத்தாயியிடம் மட்டும் காதோடு சொல்லிவிட்டு வந்தாள்.

சொன்னால் வெள்ளிக்கிழமை. சொல்லாவிட்டால் என்னவோ. செண்பகராஜின் காது ஞாபகம் வந்தது. வெள்ளைத்தாயியின் முகமும் கூடவே வந்தது.

"சொல்லிருவேன், அத்தை" என்றாள் உமா. முதலாளியம்மா என்பது எப்போது உதிர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "ஆனா கல்யாணத்துக்குப் பெறவு நானும் அங்கனதான வந்து கெடக்கணும்? எனக்கும் சாயங்காலம் ஆனா டீ வேணும்லா? இருக்கிற ஒரு வழியையும் இப்பவே அடைச்சுட்டா, பெறவு நான் எங்கன போவேன்?"

வெயிலுகந்தம்மாள் அவளையே பார்த்தாள். லாரியிலிருந்து இறங்கிய மூட்டையைப் பார்க்கிற பார்வை. சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்கினாள்.

"வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு. அதுக்கு முந்தியே வந்துருவேன். உங்க அம்மைட்ட சொல்லி வையி."

உமா தலையை ஆட்டினாள்.

"அந்த மூக்கச் சின்னதாக்கு."

"ஆக்கி வச்சிட்டேன், அத்தை. அப்டேட்ல இருக்கு."

"நான் அப்டேட் போட மாட்டேன்."

"அப்ப அந்த மூக்குதான்."

சாவிச் சத்தம் படியிறங்கிப் போனது. பாதிப் படியில் 'க்கும்' என்று ஒரு சத்தமும் கேட்டது. சிரிப்பா, இருமலா என்று தெரியவில்லை.

உமா ஜன்னலுக்கு ஓடினாள். கீழே வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. வெயிலுகந்தம்மாள் ஜெராக்ஸ் கடை வாசலில் குடையை விரித்தாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். நின்றிருந்த மினி லாரியின் மறைவில் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவைத் தாண்டினாள். எதிர்ச்சாரி டீக்கடையில் மாஸ்டர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கிளாஸைக் கழுவிப் போட்டு, ஆற்றி, நீட்டினார். வழக்கமான கைக்கு வழக்கமான டீ.

உமா போனை எடுத்தாள்.

"ஏலே, என்ன ஆச்சுன்னு கேக்காம, நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. உங்கம்மா டீ குடிப்பாவளா?"

"அவியளா? வாழ்நாள்ல தொட்டதில்ல. ஏன்?"

"ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமைக்கு நல்ல சட்டை ஏதாவது இருக்கான்னு பாரு."

போனை வைத்துவிட்டு, புது லெவல் ஒன்றைத் திறந்தாள். முதலில் ஒரு குடையை வரைந்தாள். அதற்குப் பக்கத்தில் ஒரு மினி லாரி.