நடுக்கம்பி

மூன்றாவது நாளாகப் பதினேழாம் பெஞ்சின் நடுக்கம்பி கழன்று புல்லில் கிடந்தது. காலை பத்து மணிக்கு ஃபிட்டர் அதைத் தன் கையால் முறுக்கி மாட்டியிருந்தான். சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இந்தக் கோலம். கம்பி ஒரு பக்கம் கிடக்க, நான்கு போல்ட்டுகளும் பெஞ்சின் ஓரத்தில் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு போல்ட்டிலும் அதனதன் வாஷரும் நட்டும் திரும்ப மாட்டப்பட்டிருந்தன. திருட வந்தவன் இவ்வளவு ஒழுங்காக வைத்துவிட்டுப் போகமாட்டான்.

நடுக்கம்பி என்பது பெஞ்சின் மத்தியில் கை வைத்துக்கொள்ள என்று பேருக்கு வைத்த வளைந்த இரும்பு. உண்மையில் யாரும் காலை நீட்டிப் படுத்துவிடக் கூடாது, அதற்குத்தான் அது. நகரத்துப் பூங்காக்களுக்கெல்லாம் இப்போது புது வாழ்வு வந்திருக்கிறதாம். முன்பு அந்த இடங்களுக்குக் கதவே கிடையாது. இரவு ஷிஃப்ட் முடித்தவன், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், பஸ்ஸுக்கு நான்கு மணி நேரம் இருக்கிறவன் எல்லோரும் மரத்தடியில் துண்டை விரித்துக் குறட்டை விட்டார்கள். இப்போது கேட் உண்டு, நேரம் உண்டு, காவலுக்கு ஆள் உண்டு. செய்யக் கூடாதவை என்று பதினான்கு வரி எழுதிய பலகை உண்டு. செய்யலாம் என்று ஒரு வரி கிடையாது. காலையிலும் மாலையிலும் ஜனங்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு வட்டமாக நடக்கிறார்கள், பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி. மத்தியானம் ஈ காக்கை இல்லை. அணில் மட்டும் பலகையைப் படிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

சூப்பர்வைசர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏய்யா, நாப்பது பெஞ்சுல முப்பத்தொம்பது ஒழுங்கா நிக்குது. இது மட்டும் என்ன, உன்கூட கோவிச்சுக்கிட்டு இருக்கா?"

"லாக் நட் போட்டிருக்கேன் சார். ஸ்பேனர் இல்லாம கழட்ட முடியாது."

"அப்ப ஸ்பேனர் வச்சிருக்கிறவன்தான் கழட்டியிருக்கணும்." அவர் ஃபிட்டரின் பையைப் பார்த்தார். "நாளைக்கு பெரிய ஆபீசர் வராரு. அவரு கை வைக்கும்போது கம்பி கையோட வந்துச்சுன்னா என் வேலையும் கையோட போயிரும். உன்னுது அதுக்கு முன்னாடியே போயிரும், பாத்துக்க."

ஃபிட்டர் ஒரு போல்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். கழற்றிய நட்டை அந்தந்த போல்ட்டிலேயே திருப்பி மாட்டி வைக்கிற பழக்கம் அவனுக்குத் தெரிந்து இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒன்று அவன். இன்னொன்று அவனுடைய அண்ணன். அண்ணன் செத்து நான்கு மாதம் ஆகிறது.

அது வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நான்கு மாதமாக அவனுக்கு முழுநேர வேலை. ஃபிட்டர் வேலையெல்லாம் அதற்குப் பிறகு. தினமும் சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்பாள்: "பெரியவனைப் பாத்தியாடா?" அவன் சொல்வான்: "பாத்தேன்மா." "எப்படி இருக்கான்?" "நல்லாத்தான் இருக்கான். காத்தாட படுத்திருக்கான்." அம்மா அதைக் கேட்ட பிறகுதான் தட்டில் கை வைப்பாள். அவனுக்குத்தான் சோறு இறங்காது. இராத்திரி தூக்கம் என்பதும் அவனை விட்டுப் போய் நாளாயிற்று.

அண்ணனும் ஃபிட்டர்தான். ஸ்பேனரைப் பிடிக்கவே தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். பட்டறையில் பிரஸ் மெஷின் அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. பட்டறைக்காரர் மீதி ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீடு என்பது ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. அதில் அம்மா, ஃபிட்டர், அவன் மனைவி, வளர்ந்த இரண்டு பெண்பிள்ளைகள். அண்ணனே ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு, காற்றோட்டமாக இருக்கும் என்று சொல்லி, தண்ணீர்த் தொட்டிப் பூங்காவுக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தார். சாப்பிட மட்டும் வருவார். ஒருநாள் ஃபிட்டர் ஏதோ எரிச்சலில், "சாப்பாட்டுக்கு மட்டும் வீடு வேணுமா?" என்று கேட்டுவிட்டான். அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார், கையைக் கழுவினார், போனார். பிறகு வரவேயில்லை. ஃபிட்டர்தான் வேலை முடிந்து பூங்காவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மாவுக்குச் சொல்வான். அப்போதெல்லாம் அது உண்மையாக இருந்தது.

நடுக்கம்பி வேலை முதலில் ஆரம்பித்ததே அந்தப் பூங்காவில்தான். அண்ணன் படுக்கிற பெஞ்சின் முன்னால் ஃபிட்டர் டிரில் மெஷினோடு நின்றான். அண்ணன் எழுந்து போர்வையை மடித்தார்.

"வேலையப் பாருடா. நீ மாட்டலன்னா வேற எவனாவது மாட்டப்போறான். அவன் வாஷர்கூட போடமாட்டான்."

அதோடு விடவில்லை. மூன்று விரல் கையால் கம்பியை ஆடாமல் பிடித்துக்கொண்டார். "நல்லா முறுக்கு" என்றார். தன் படுக்கையைத் தானே பிடித்துக் கொடுத்தார். 'வீட்டுக்கு வாண்ணே' என்று ஃபிட்டருக்கு வாய்வரை வந்தது. ஐந்து பேர் படுக்கிற அறையை நினைத்தான், முழுங்கிவிட்டான். இந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லியிருக்கலாம்.

இருபது நாள் கழித்து, ரோட்டுக்கு அடியில் போகிற நடைபாதையில், மழைத் தண்ணீரில் காய்ச்சலோடு கிடந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சட்டைப் பையில் இருந்த சீட்டில் ஃபிட்டரின் போன் நம்பர் இருந்தது. அவன் போனபோது உயிர் இல்லை. பிணவறைக்காரர் துணியை விலக்கிக் காட்டிவிட்டு, "இவரு உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் 'இறந்தவர் எங்கே தங்கியிருந்தார்' என்று ஒரு கட்டம். வீடு என்று சொன்னால் பொய்; பெஞ்ச் என்று சொல்லலாம் என்றால் அதிலும் கம்பி மாட்டியவன் அவன்தான்.

"தெரியாது. எங்காளு இல்ல."

ஆள் தெரியாத பிணம் என்று எங்கோ கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எங்கே என்று அவன் கேட்கவில்லை.

சூப்பர்வைசர் போனதும் கம்பியை மறுபடி மாட்டினான். இன்று எவன் வருகிறான் என்று பார்த்துவிடுவது என்று எதிரே பதினாறாம் பெஞ்சில் உட்கார்ந்தான். அங்கே அவனே மாட்டிய கம்பி விலாவில் இடித்தது. வெயில் தரையில் அசையாமல் கிடந்தது. தூரத்தில் செடிக்காரம்மா ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போனாள். போன மாதம்தான் இங்கே வேலைக்கு வந்தவள். மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. யாரோ பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அந்த மாதிரி ஒரு குளிர்ச்சி முதுகில் தட்டியது. திரும்பிப் பார்த்தான், யாரும் இல்லை. மூன்று மணி அடித்தது ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது தலைக்கு மேல் கிளைகள் தெரிந்தன. அவன் மல்லாந்து, காலை நீட்டிப் படுத்திருந்தான். பதினேழாம் பெஞ்சில். தலைக்குக் கீழே அவனுடைய பை மடித்து வைக்கப்பட்டிருந்தது. குத்தக் கூடாது என்று உள்ளே இருந்த ஸ்பேனர்களையெல்லாம் எடுத்து, சின்னதிலிருந்து பெரிது வரை தரையில் அடுக்கியிருந்தது. கம்பி புல்லில். நான்கு போல்ட்டுகளும் ஓரத்தில், நட்டோடு.

செடிக்காரம்மா குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"எழுந்துட்டீங்களா ஃபிட்டரே? சூப்பர்வைசர் பாத்தா வம்பாச்சேன்னு எழுப்ப வந்தேன். அவருதான் வேணாம்னுட்டாரு."

"யாரு?"

"உங்ககூட வேலை செய்யிறவருதான். நீங்க போல்ட்டைக் கழட்டுனீங்க, அவரு கம்பியப் புடிச்சுக்கிட்டாரு. நேத்தும் முந்தாநாளும்கூட பாத்தேனே."

"நான் கழட்டினேனா?"

"நல்லா கேட்டீங்க போங்க. பின்ன நானா?" அவள் சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "பாவம், அவருக்கு வலது கையில ரெண்டு விரல் இல்ல. அந்தக் கையால எவ்வளவு அழகா புடிக்கிறாரு. நீங்க படுத்ததும் பையைத் தலைக்கு வச்சு விட்டாரு. இவரு உங்களுக்கு யாருன்னு கேட்டேன்."

ஃபிட்டர் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "என்ன சொன்னாரு?"

"'என் தம்பி. ரொம்ப நாளா தூங்கல. கொஞ்சம் தூங்கட்டும்மா'ன்னாரு."

அவள் குழாயைத் திறந்துகொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். ஃபிட்டர் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதான். பிணவறையில் வராத அழுகை, நான்கு மாதம் கழித்து, வெளிச்சம் போகும் முன்பே, மாலை நடைக்கு வந்த ஜனங்கள் சுற்றிப் போகப் போக வந்தது. ஒருத்தர் காதில் செருகியிருந்ததை எடுத்து, அவனைப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிக்கொண்டார்.

கம்பியை அவன் மாட்டவில்லை. அதைத் தூக்கிக்கொண்டுபோய் சூப்பர்வைசரின் மேஜைமேல் வைத்தான். "முப்பத்தொம்பதுதான் சார். நாப்பதாவதுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க." அவர் திட்டியதெல்லாம் அவன் காதில் விழவே இல்லை. போல்ட்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தான்.

"பெரியவனைப் பாத்தியாடா?"

"இல்லம்மா. ஆனா அவரு என்னைப் பாத்தாரு."

அம்மாவுக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். போல்ட்டுகளை எடுத்து அவள் மடியில் வைத்தான். ஒரு போல்ட்டை எடுத்த அம்மா, அதில் நட்டு மாட்டியிருந்ததைத் தடவிப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளின் சட்டைப் பையிலிருந்தும் இதே மாதிரி எத்தனையோ எடுத்தவள் அவள். நெடுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள், எப்போதும் கேட்கிற குரலில் இல்லை:

"இப்ப எங்கடா படுத்திருக்கான்?"

"தெரியாதும்மா," என்றான். "நான்தான் கேக்காம வந்துட்டேன்."