கடைசியாக வந்து வென்றவர்

1

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதைக்கு மூன்று பக்கம் எழுதிய பிறகுதான் வீரகத்தியிடம் போய் விசாரித்தேன். வட்டக்கச்சியில் அவர் வீட்டு அலுமாரிக்கு மேல் ஐந்து கோப்பைகள் இருந்தன. சைக்கிள் சாம்பியன் என்று ஊரே சொன்னது. எனக்கு அது போதுமாக இருந்தது. என் தொடக்கம் இப்படிப் போனது:

"காற்றைக் கிழித்துக்கொண்டு அவரது சைக்கிள் பரந்தன் சந்தியைக் கடந்தபோது, பின்னால் வந்தவர்கள் வெறும் புள்ளிகளாக..."

அவருக்கே வாசித்துக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கதிரையில் அமர்ந்தார்.

"தம்பி, எனக்குப் பின்னாலை ஒருத்தரும் வரேல்லை. நான் கடைசியா வந்துதான் வெண்டனான்."

சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் மெதுவான சைக்கிள் ஓட்டம் என்று ஒன்று உண்டு. தூரம் நூறு கெஜம். கடைசியாக வருகிறவருக்குத்தான் கோப்பை. காலை ஊன்றினால் வெளியே. எழுபத்தேழு முதல் எண்பத்தொன்று வரை வீரகத்தியை விடப் பிந்தி வர அந்தப் பக்கத்தில் ஒருவராலும் முடியவில்லை.

மூன்று பக்கத்தையும் கிழித்தேன்.

2

இரண்டாவது தொடக்கம்: "எண்பத்திரண்டாம் ஆண்டு வைகாசியில் ஒரு காலை, கமலாட்சி அழுதுகொண்டே..."

[அழவில்லை. வீரகத்தி வீட்டுப் படலை வாசலில் நின்று நிமிர்ந்துதான் கேட்டாள். அழுகிற பெண்ணோடு தொடங்கினால் எழுதுகிறவனுக்கு வேலை சுலபம். அந்தச் சோம்பல்தான்.]

கமலாட்சி, தமிழருக்கு எதிரான எழுபத்தேழுக் கலவரத்தில் இரத்தினபுரிப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து உடுத்த துணியோடு வந்தவள். இங்கே வயல்களில் கூலி வேலை. மருத்துவிச்சி வேலைக்கு எழுத்துச் சோதனையில் தேறிவிட்டாள். இன்னும் பத்து நாளில் நேர்முகம். வீடு வீடாகப் போகிற வேலை என்பதால் அங்கே சைக்கிள் ஓடிக் காட்ட வேண்டும். வயது எல்லை முப்பத்தைந்து. இவளுக்கு முப்பத்துநான்கு முடியப் போகிறது, அதனால் இது தவறினால் மறு தடவை இல்லை. சைக்கிளை இவள் உருட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"நீங்கதான் சாம்பியன்னு சொன்னாங்க. கத்துக் குடுங்கண்ணே."

வீரகத்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதில் சாம்பியன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

[இந்த இடத்தில் இவரை எனக்குப் பிடிக்காமல் போனது. வேறு ஆளை வைத்து எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, என் முதல் கதை மூன்று பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்ததை நானும் ஒருவருக்கும் சொன்னதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவரையே வைத்துக்கொண்டேன்.]

3

பயிற்சி வாய்க்கால் கரைக் கட்டின்மேல் நடந்தது. ஒரு பள்ளிக்கூட ரீச்சரிடம் இரவல் வாங்கிய லேடீஸ் சைக்கிள். விதி ஒன்றே ஒன்று: வீரகத்தி பக்கத்தில் நடப்பார், கமலாட்சி அவரை முந்தக்கூடாது.

சைக்கிள் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். புதிதாகப் பழகுகிறவருக்குக் கொஞ்சம் வேகம் இருந்தால்தான் சைக்கிள் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அவருக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதானே. முதல் மூன்று நாளும் கமலாட்சி கட்டின்மேல் பாதி, வாய்க்காலில் பாதி.

மூன்றாம் நாள் தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி சிவனேஸ்வரி, நடந்தே இருவரையும் முந்திப் போய்த் திரும்பி நின்றாள்.

"என்னப்பா, இந்தப் பிள்ளையையும் உங்களைப்போலை கடைசியா வரப் பழக்கிறியளே? மெதுவான ஓட்டக் கோப்பையெண்டு சொன்னனீங்களோ?"

குட்டு உடைந்தது. வீரகத்தி நிலத்தைப் பார்த்தார். "ஓம் பிள்ளை. கெதியா ஓட எனக்குத் தெரியாது."

கமலாட்சி சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "பரவால்லண்ணே. உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுறது எங்களுக்கு எழுபத்தேழுலயே பழகிருச்சி. விழாம நிக்கத்தான் தெரியல. அதையே கத்துக் குடுங்க."

[இதற்குக் கீழே கலவரம் பற்றி ஒரு பக்கம் எழுதி வெட்டிவிட்டேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.]

ஒன்பதாம் நாள் கட்டின் குறுக்கே ஒரு எருமை நின்றது. அது மனம் வைத்து விலகும்வரை கமலாட்சி காலை ஊன்றாமல் சைக்கிளிலேயே இருந்தாள். வீரகத்திக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து கோப்பை வாங்கியபோதும் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை.

4

நேர்முகம் நடத்த வந்த டொக்டர் அம்மா சொன்னார்: "மதகடி வரைக்கும் போய்த் திரும்பி வாங்கோ. கால் நிலத்திலை படக்கூடாது. அஞ்சு நிமிசத்துக்குள்ளை வந்திட வேணும்."

கடைசி வசனத்தைக் கேட்டு, வேலிக்கு வெளியே நின்ற வீரகத்தி மதகடி வரையுள்ள தூரத்தைக் கண்ணால் அளந்தார்.

முன்னால் போன இரண்டு பெண்களும் பறந்தார்கள். மதகடியில் திருப்பும்போது இருவருமே காலை ஊன்றினார்கள். கமலாட்சி ஊன்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு ஆட்டமும் இல்லாமல் திருப்பினாள். ஆனால் அதற்குள் மூன்றரை நிமிடம் போய்விட்டது. இதே ஓட்டத்தில் வந்தால் நேரம் போதாது. விரைந்து மிதித்தால் விழுவாளா மாட்டாளா, அது தெரியாது. அதை அவர் பழக்கவே இல்லை.

முடிவு (அ): டொக்டர் அம்மாவின் கைக்கடிகாரம் நின்றுவிடுகிறது. [வெட்கமாக இருக்கிறது. வெட்டு.]

முடிவு (ஆ): அவள் விழுகிறாள், அம்மாவின் மனம் உருகுகிறது. [அம்மா உருகுகிற ஆளாகத் தெரியவில்லை.]

முடிவு (இ):

5

வேறு வழியில்லாமல் வீரகத்தியிடமே போனேன். பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அவ என்ரை குரலுக்குக் காத்துக்கொண்டு வாறா, தம்பி. மெல்ல எண்டு கத்துறதோ, மிதி எண்டு கத்துறதோ? அந்த வேலியடியிலை நீர் நிண்டிருந்தால் என்ன கத்தியிருப்பீர்? அதை முதல்லை சொல்லும். பிறகு மிச்சத்தைச் சொல்லுறன்."

இரண்டு மாதமாகிறது. இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கமலாட்சிக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. "கிடைத்தது" என்று எழுதக் கால் வரி போதும். பத்து நாளாக விழுந்து எழும்பியவளுக்கு அப்படி ஒரு பிச்சையைப் போட எனக்குக் கை வரவில்லை.

அதனால் நான் விலகிக்கொள்கிறேன். வேலியோரம் இப்போது நிற்பது நீங்கள். கமலாட்சி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வருகிறாள். ஒரே ஒரு சொல்லுக்குத்தான் நேரம் இருக்கிறது. வீரகத்தி வாயைத் திறந்துவிட்டார்.

மெல்லவா, மிதியா? கெதியாகச் சொல்லுங்கள்.