லாம்விலக்கு

சுபேதார் ஷேக் தாவூது பதினெட்டு வருஷம் வடக்கே பட்டாளத்து மருந்தகங்களில் கிடந்துவிட்டு, அறுபத்து நான்காம் வருஷம் சொந்த ஊர் திருச்சிக்கே மாற்றலாகி வந்தார். அவருக்கு முன்னால் செய்தி பாலக்கரைத் தெருவுக்கு வந்துவிட்டது. பரப்பியவர் அவர் சம்சாரம் நஜீமா. "இனிமே இங்கதான். மருந்தகத்துக்கே அவங்கதான் பெரியவங்க." அந்தப் பதவி தற்காலிகம், கர்னல் வந்து பார்த்து உறுதி செய்யாவிட்டால் அடுத்த ரயில் அஸ்ஸாமுக்கு என்ற பாதியை நஜீமா சொல்லவில்லை. தெரு அதையும் தெரிந்துகொண்டது. எப்படி என்று கேட்காதீர்கள்.

கண்டோன்மெண்ட் பக்கம், புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு ஊசியும் மிக்சரும் கொடுக்கிற சின்ன மருந்தகம். தாவூதுக்குக் கீழே இரண்டே பேர். மருந்து கலக்க லூர்துராணி, எடுபிடிக்குச் சின்னையன். இருவருமே பட்டாளத்துச் சட்டை போடாத உள்ளூர்க்காரர்கள். மதுவிலக்குக் காலம் பாருங்கள், ஸ்பிரிட் அலமாரிச் சாவி தாவூதின் இடுப்பில் தொங்கியதால் தெருவில் அவருக்குத் திடீர் மைத்துனர்கள் நிறைய. யாருக்கும் அவர் அசையவில்லை. அவ்வளவு கண்டிப்பு. கண்டிப்பு இருந்தால் ஆட்களை நடத்தத் தெரிந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

கர்னல் வியாழக்கிழமை வருகிறார் என்று தந்தி வந்தது. திங்களன்று தாவூது விறைப்பாக நின்று உத்தரவு போட்டார்.

"சின்னையா, ஊசி மருந்துப் பெட்டிக்குப் புது ஐஸ் வேணும்."

"வாங்கிடலாங்க."

"லூர்துராணி, காலாவதியான பாட்டிலையெல்லாம் தனியா எடுத்து வைக்கணும்."

"வெச்சுடலாம் சார்."

வடக்கே 'ஜீ சாப்' என்று ஒருவன் சொன்னால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதே நம்பிக்கையில் வீட்டுக்குப் போனார். மறுநாள் வந்து பார்த்தால் பாட்டில்கள் வைத்த இடத்தில் வைத்தபடி. ஐஸ் பெட்டியில் வெறும் தண்ணீர். ஊசி மருந்து ஒரு பெட்டி கெட்டு, தூக்கி எறியும்படி ஆயிற்று. தாவூது போட்ட சத்தம் ஜங்ஷன் வரை கேட்டதாகச் சொல்வார்கள். இருவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னிக்கு முடிச்சுடலாங்க" என்றார்கள்.

சாயங்காலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நஜீமாவிடம் புலம்பினார். அவள் சிரித்தாள்.

"அடுப்படி ஓடு ஒழுகுதுன்னேனே, என்ன சொன்னீங்க?"

"மாத்திடலாம்னேன்."

"மாத்தியாச்சா?"

பதில் சொல்வதற்குள் கூரையிலிருந்து ஒரு மழைச்சொட்டு டீயில் விழுந்தது.

"மாத்தறேன்னு சொல்லியிருந்தா மாட்டிக்கிட்டிருப்பீங்க. மாத்திடலாம்னா யாரு மாத்தறது? நீங்களா, நானா, மேல போற காக்காயா? அந்த 'லாம்'ல ஆளே இல்லீங்க."

தாவூது அந்த டீயைக் குடிக்காமலே படுத்துவிட்டார்.

புதன்கிழமை மருந்தகத்தில் அறிவிப்பு. "ஊருக்கு மதுவிலக்கு, இங்கே லாம்விலக்கு. செய்யறேன்னு சொல்லுங்க, இல்லே முடியாதுன்னு சொல்லுங்க."

சின்னையன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப முடியாதுங்க."

"ஏன்?"

"ஐஸ் கம்பெனிக்குப் போற சைக்கிள் டயர் வெடிச்சுக் கெடக்கு. சொன்னதுக்குப் பாக்கலாம்னீங்க."

லூர்துராணி பாட்டிலைத் துடைத்தபடியே சொன்னாள். "தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். அதுக்கும் பாக்கலாம்னீங்க. யாரு சார் பாக்கறது?"

தாவூதுக்குக் காது சிவந்தது. சத்தம் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. தன் சொந்த சைக்கிள் சாவியைச் சின்னையனிடம் கொடுத்தார். லீவு மனுவில் கையெழுத்துப் போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "மேல் தட்டு பாட்டிலை நான் எடுக்கறேன்" என்றார்.

"கீழ் தட்டு நான் எடுக்கறேன் சார்."

"ஐஸ் நான் வாங்கியாறேங்க."

வியாழக்கிழமை கர்னல் ரங்கசாமி வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், சீக்கிரம் பார்வையிட்டு முடித்து, வீட்டுத் தளிகையைச் சாப்பிடப் போகிற அவசரம். அலமாரி, ஐஸ் பெட்டி எல்லாம் பார்த்துவிட்டு, "பேஷ். ஊசி மருந்துல ஒரு பெட்டி குறையறதே?" என்றார்.

கெட்டுப்போச்சு சார் என்று தாவூது சொல்லியிருக்கலாம். அதிலும் ஆள் கிடையாது.

"கெடவிட்டது நான் சார்."

சின்னையனும் லூர்துராணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கர்னல் உம் கொட்டினார், கிளம்பத் தொப்பியை எடுத்தார்.

"உம்ம பதவி விஷயம்... பாக்கலாம்."

தாவூதின் காதுக்குள் அஸ்ஸாம் ரயில் ஊதியது. விறைப்பாக நின்று கேட்டேவிட்டார்.

"யார் பாக்கறது சார்?"

"என்ன கேட்டீர்?"

"பாக்கலாம்னா, யார் பாக்கறதுன்னு கேட்டேன் சார்."

கர்னல் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொப்பியை மேஜையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, பதவி உறுதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "எங்காத்துல கேக்கற கேள்வியை ஆபீஸ்லயும் கேக்கறீரே. நான் பாக்கறேன். இதோ, பாத்தாச்சு."

அன்று சாயங்காலம் பாலக்கரைத் தெருவே அண்ணாந்து பார்த்தது. பட்டாளத்துக் கால்சட்டையோடு தாவூது கூரைமேல் உட்கார்ந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நஜீமா.

"பாவம், ஒரு கை கொடுக்கலாமே" என்றார்கள் எல்லாரும். யாரும் அசையவில்லை.