வலது பைக்குப் போன வார்த்தை

அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தது அக்கா. ஒரு நாள் காலையில் அவன் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, வாயைக் கோணிக்கொண்டு இங்கிலீஷ் வார்த்தை ஒன்றை மென்று பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் துண்டோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவள், "துரை கொஞ்சம் வழி விட்டா, ஏழைபாழைங்க குளிச்சுட்டு வேலைக்குப் போவோம்" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதுவே பெயராகிவிட்டது.

அவனுக்குப் பார்சல் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. அதைவிட்டு மேலே போக ஒரு நேர்காணலுக்குப் போயிருந்தான். இப்போது பார்க்கும் வேலை எப்படி என்று கேட்டார்கள். குட் என்றான். மேலாளர் எப்படி? குட். உன்னிடம் மற்றவர்கள் சொல்லும் குறை என்ன என்று கேட்டபோதும் வாயிலிருந்து அதே குட் வந்து விழுந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி உதட்டைக் கடித்துக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார். சிரித்திருந்தால்கூடத் தேவலை. அடக்கிய அந்தச் சிரிப்பு அவனோடேயே பேருந்தில் ஏறி, வீடுவரை வந்து, படுக்கையிலும் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

மறுநாளே உயர்ந்த ஆங்கிலச் சொற்களுக்கென்று ஒரு தடித்த புத்தகம் வாங்கினான். கூடவே இரண்டு பை வைத்த சட்டைகளாகத் தேடி வாங்கினான். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு வார்த்தையைச் சின்ன அட்டையில் எழுதிக் காலையில் இடது பையில் போட்டுக்கொள்வான். உயிருள்ள ஒரு மனிதரிடம், பொருத்தமான இடத்தில், அந்த வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னதும் அட்டை வலது பைக்குப் போகும். அது போகாதவரை அடுத்த வார்த்தை கிடையாது.

வீட்டில் இதற்குப் போணி என்று பெயர். சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா கேட்பாள்: "என்ன துரை, போணி ஆச்சா?" அம்மா கேட்க மாட்டாள். அவன் சட்டையை ஒரு பார்வை பார்ப்பாள். எந்தப் பை புடைத்திருக்கிறதோ அதை வைத்துத் தெரிந்துகொள்வாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது.

ஒருமுறை கவுண்டருக்கு வந்த பெரியவரிடம், பார்சல் இதோ வந்துவிடும் என்பதற்கு, உங்கள் பார்சல் இம்மினென்ட் என்று சொல்லிவிட்டான். அவர், அது எந்த ஊர், ஏன் அங்கே அனுப்பினீர்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டார். அதைச் சொன்னபோது அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "படி, படி, விடாத" என்றாள்.

அம்மாவுக்குப் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை. பல வருடம் ஈரப் பகுதியில், கணுக்கால்வரை நீரில் நின்று விரிப்புகளை அலசினாள். பாதம் ஊறி வெளுத்து, வீட்டுக்கு வந்தால் தன் காலைத் தானே தொடப் பிடிக்காமல் உட்கார்ந்திருப்பாள். இப்போதுதான் மேலே, காய்ந்த தரையில், ஜன்னலோரத்து இஸ்திரி மேசை கிடைத்திருந்தது. கிடைத்த கையோடு வலது தோள் பிடித்துக்கொண்டது. மேற்பார்வைக்காரி தன்மையாகத்தான் சொன்னாள்: டாக்டரிடம் காட்டி, வேலை செய்யலாம் என்று எழுதி வாங்கி வா, இல்லாவிட்டால் மேசையில் வேறு ஆளைத்தான் போட வேண்டியிருக்கும்.

மருத்துவருக்கு அவர்கள் மொழி தெரியாது. அதனால் துரை கூடப் போனான்.

அன்று இடது பையில் இருந்த வார்த்தை எக்ஸ்க்ருஷியேட்டிங். உயிரைப் பிடுங்குகிற, பொறுக்கவே முடியாத வலிக்கு அந்தப் பெயர். மூன்று நாளாகப் போணி ஆகாமல் கிடந்தது. பார்சல் வாங்க வருகிறவர்கள் யாருக்கும் அப்படி வலிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது அம்மா பாடம் நடத்தினாள். "வலி இருக்கு, ஆனா சமாளிக்கலாம்னு சொல்லு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

"எப்படி வலிக்குதுன்னு கேப்பாங்கம்மா."

அம்மா யோசித்தாள். "யாரோ தோள்ல கைய வச்சுட்டு, எடுக்க மறந்து நின்னுட்டிருக்கற மாதிரி இருக்கு. அப்படியே சொல்லு."

சரி என்றான். அதையெல்லாம் எப்படி டாக்டரிடம் சொல்வது, சின்னப்பிள்ளைப் பேச்சு போலிருக்குமே என்று உள்ளே நினைத்துக்கொண்டான்.

அறையில் எலும்புகளின் படம் ஒன்று சுவரில் தொங்கியது. மருத்துவர் நடுவயதுப் பெண். பேனாவை எடுத்து, வலி எப்படி இருக்கிறது என்று அவனைப் பார்த்துக் கேட்டார். பொருத்தமான இடம், உயிருள்ள மனிதர். அவன் யோசிக்கவே இல்லை. வார்த்தை தானாக எழுந்து, ஓர் எழுத்துகூடச் சிந்தாமல் வெளியே வந்தது. மருத்துவர் புருவத்தை உயர்த்தி, அவ்வளவா என்று கேட்டார். ஆமாம் என்றான். இரவில் தூக்கம் உண்டா என்று கேட்டார். அம்மாவைக் கேட்காமலேயே, அபூர்வம் என்பதற்கும் பழைய அட்டை ஒன்றிலிருந்து நல்ல வார்த்தையாக எடுத்துச் சொன்னான். உங்கள் ஆங்கிலம் மிக நன்றாக இருக்கிறது என்றார் அவர், எழுதிக்கொண்டே.

அவனுக்குக் காது சிவந்தது. கை தன் பழக்கத்தில் இடது பைக்குப் போய், அட்டையை எடுத்து, வலது பைக்குள் போட்டது. அப்போதுதான் அம்மா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தான்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஓரமாக நின்று அம்மா கேட்டாள்: "என்ன எழுதியிருக்கு?"

"ஆறு வாரம் வேலைக்குப் போகக் கூடாதாம்மா. அப்புறம் படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம்."

"சமாளிக்கலாம்னு சொன்னியா?"

அவன் காகிதத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"அந்த அட்டை இடது பையிலதானடா இருந்துச்சு" என்றாள் அம்மா. குரலில் கோபமில்லை, கணக்கு சரிபார்ப்பவள் போலத்தான் கேட்டாள். பிறகு அவன் வலது பையைப் பார்த்தாள். "என் தோள வச்சா போணி பண்ணுன?"

அவனுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். அம்மாவோ தன் கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, "சரி வா, பஸ் வந்துடும்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டாள். வெள்ளைத் தரையில் அவள் பாதங்களைப் பார்த்தபடி பின்னால் போனான். ஆறு வாரத்தில் அந்த ஜன்னலோர மேசையில் யாரோ ஒருத்தி நிற்பாள். இந்தப் பாதங்கள் மறுபடி ஈரத்துக்குப் போகும்.

திரும்பிப் போய்ச் சொல்லலாம். ஆனால் என்னவென்று? வலி குறைந்துவிட்டது என்றா, வாசல் தாண்டுவதற்குள்ளா? மிகைப்படுத்தினேன் என்பதற்கே அவன் புத்தகத்தில் அழகான வார்த்தை ஒன்று உண்டு. அது நாக்கில் வந்து நின்றபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. போயும் போயும் இப்போதுமா?

"அம்மா, நில்லு" என்றான். "உள்ள வா, சொல்லிடறேன்."

"அந்தம்மா என்ன நினைப்பாங்க உன்னப் பத்தி?"

"நினைக்கட்டும்."

கதவைத் தட்டினான். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். நான் தவறாகச் சொன்னேன் என்றான். அம்மா அப்படிச் சொல்லவில்லை, தூக்கத்தைப் பற்றி அவளை நான் கேட்கவே இல்லை என்றான். பிறகு ஏன் சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்த வார்த்தையைச் சொல்ல ஆசையாக இருந்தது என்றான்.

எந்த வார்த்தை என்று கேட்டார். அதை மறுபடி உச்சரிக்க வாய் வரவில்லை. அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். அவர் படித்தார். உதட்டைக் கடிப்பாரோ என்று காத்திருந்தான். கடிக்கவில்லை. அட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் அம்மா எப்படித்தான் சொன்னார் என்றார்.

யாரோ தோளில் கை வைத்துவிட்டு, எடுக்க மறந்து நிற்பது போல. ஆரம்பப் பள்ளியிலேயே தெரிந்த வார்த்தைகள்தான் எல்லாம். சொல்லும்போது அவன் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகவே இருந்தது.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அம்மாவின் வலது தோளில் தன் கையை வைத்து, இவ்வளவா என்பதுபோல் பார்த்தார். அம்மா தன் இடது கையால் அந்தக் கையைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் அழுத்திக் காட்டினாள். இவ்வளவு. கையைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினார். காதுவரை தூக்கினாள், அதற்குமேல் முகம் சுளித்தாள். விரிப்பை இழுத்து இஸ்திரி போடுவதுபோல் அம்மா நடித்துக் காட்ட, எங்கே பிடிக்கிறது என்று அவர் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஒரு கட்டத்தில் இருவருமே லேசாகச் சிரித்தார்கள். அந்த அறையில் அவனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. சுவரில் தொங்கிய எலும்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புதுக் காகிதத்தில் ஒரு வாரம் ஓய்வு என்றிருந்தது. பிறகு வேலைக்குப் போகலாம், தலைக்குமேல் எதையும் தூக்கக் கூடாது. கொடுக்கும்போது மருத்துவர் அவனிடம் மரியாதையாகச் சொன்னார்: அடுத்தமுறை நாங்களே ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கிறோம், நீங்கள் வர வேண்டியதில்லை. அவன் நன்றி சொன்னான். வேறு என்ன சொல்ல முடியும்?

பேருந்தில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "ஒரு வாரம்னா அவ பொறுத்துப்பா" என்றாள், மேற்பார்வைக்காரியை நினைத்து. கொஞ்சம் கழித்து, "அந்த வார்த்தைக்கு என்னடா அர்த்தம்?" என்றாள்.

தலையைக் குனிந்தபடி சொன்னான்.

"ஓ." வெளியே பார்த்தாள். "உன்னப் பெத்தப்போ இருந்துச்சு அந்த மாதிரி. அப்ப எடுத்துச் சொல்லத்தான் ஆளில்ல."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

சாயங்காலம் அக்கா வந்தபோது அவன் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். "என்ன துரை, வீட்டு வேலையெல்லாம் பாக்குது? போணி ஆச்சா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "சரக்கு திரும்பி வந்துடுச்சு."

"என்னாச்சு?"

யாரும் அவனுக்காகச் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. ஆரம்பத்திலிருந்து சொன்னான், பெஞ்சில் அம்மா சொன்னது, காது சிவந்தது, கை பைக்குப் போனது எல்லாவற்றையும். கேட்டு முடித்த அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காதடி" என்றாள் அம்மா. "அவனேதான் திரும்பிப் போய்ச் சொன்னான்."

"நான் சிரிக்கலம்மா" என்றாள் அக்கா. உண்மையிலேயே அவள் சிரிக்கவில்லை. அவன் தலையைத் தூக்கவில்லை. அம்மாவின் வேலைச் சட்டையை எடுத்து, அதன் கைகளை உள்ளே தள்ளி, தோள்பட்டை கசங்காமல் மெதுவாக மடித்தான்.