பாதிக்குப் பாதி

“எவ்ளோ செத்துச்சின்னு சொல்லணும் மச்சான்?” என்று சிரஞ்சீவி கேட்டபோது குளத்தில் ஒரு கொடுவா மீன் துள்ளி விழுந்தது.

சத்தம் கனமாகவே இருந்தது. ஏழுமலை பேனாவை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்தான். வட்டம் விரிந்து கரையில் வந்து அடங்கியது. மதகுப் பக்கம் அவன் அக்கா, சிரஞ்சீவியின் மனைவி தேன்மொழி பொடிமீனை நறுக்கித் தண்ணீரில் வீசிக்கொண்டிருந்தாள். வீசிய இடமெல்லாம் தண்ணீர் கொதித்தது.

ஒரு காலத்தில் இது இறால் குளம். டாலரில் விலை போன இறால். நெல்லூர் முதலாளி ஒருவர் உப்பங்கழியோரம் அரசு நிலத்தை வெட்டிக் குளமாக்கினார். காவலுக்கும் தீனி போடவும் நாகலாபுரத்திலிருந்து நிலமில்லாத நான்கு குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார். பிறகு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. குளம் நாறியது. காரில் ஏறிப் போன முதலாளி திரும்பி வரவில்லை. கூலி பாக்கிக்குப் பதிலாக அவர்களுக்குக் குளம்தான் மிஞ்சியது. சேற்றை வாரி எறிந்துவிட்டு நான்கு குடும்பங்களும் கொடுவாக் குஞ்சு விட்டன. மீன் வளர்ந்தது. நிலம் மட்டும் இன்னும் அரசாங்கத்துடையது. பட்டா வந்தால் இருப்பார்கள், வராவிட்டால் போவார்கள். அந்தக் கரையில் அதைத் தவிர வேறு பேச்சில்லை.

ஏழுமலை திருப்பதியில் எம்.ஏ. எகனாமிக்ஸ் முடித்துவிட்டுப் பேராசிரியர் ஸௌரிராஜனிடம் தற்காலிக வேலையில் இருந்தான். கடல்மீன் வளர்ப்பவர்களின் செலவு, வரவு, சாவு ஆகியவற்றை ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதிவர வேண்டும். எதற்குக் கேட்கிறோம் என்று பேராசிரியர் சொல்வதில்லை. நோக்கம் தெரிந்தால் கேட்கிறவன் குரலே பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடும் என்பது அவர் கொள்கை. அக்கா இந்தக் கரையில்தான் இருக்கிறாள் என்று ஏழுமலையும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளை அனுப்பியிருப்பார்.

நோக்கம் தெரியாவிட்டாலும் ஏழுமலையின் ஊரான குடிபாலாவில் பிறந்தவனுக்கு ஒன்று தெரியும். வறட்சிக் கணக்கெடுக்க ஜீப் வருகிறதென்றால் வேர்க்கடலை மூட்டைகள் கட்டிலுக்கடியில் போகும். கொழுத்த மாடுகள் மலையடிவாரத்துக்குப் போகும். வெங்கடம்மாவின் எலும்பும் தோலுமான பசு மட்டும் ஊரில் நிற்கும். ஒரு வாசலில் அதை அதிகாரி பார்த்து எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் சந்து வழியாக அடுத்த வாசலுக்குப் போய் அது நின்றுகொள்ளும். ஒரு முறை அதிகாரி அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்து, இந்த ஊரில் மாடெல்லாம் ஒரே ஜாடை என்று தெலுங்கில் சொன்னார். நிவாரணம் வந்தது. அந்தப் பணத்தில்தான் ஏழுமலை காலேஜில் சேர்ந்தான். கணக்கெடுக்க வருகிறவனிடம் விளைந்ததைச் சொல்லாதே என்பது அவன் நைனா அவனுக்குக் கொடுத்த ஒரே புத்திமதி.

“பாதிக்குப் பாதின்னு சொல்லு மாமா” என்றான். “நாலு பேரும் ஒரே மாரி சொல்லுங்க. ஆளுக்கொன்னு சொன்னா மாட்டிக்குவீங்க.”

பக்கத்துக் குளத்து ரங்கையா தலையைச் சொறிந்தான். “எனுக்கு அவ்ளோலாம் சாவலியேப்பா.”

“நீ செத்தவன் மாரி மூஞ்சிய வெச்சிக்கினு நில்லு, போதும்” என்றான் சிரஞ்சீவி. “மீனுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலையும் சிரித்துக்கொண்டே எழுதினான். நான்கு குளம், நான்கிலும் பாதி.

மத்தியானம் தேன்மொழி சோறு போட்டாள். தட்டை அடைத்துக்கொண்டு கொடுவாத் துண்டு கிடந்தது. வெள்ளைச் சதை இதழ் இதழாகப் பிரிந்தது.

“துன்றா” என்றாள். “செத்துப்போன பாதியில இதுவும் ஒன்னு.”

மழைக்காலம் முடிந்த பிறகு ஸௌரிராஜன் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நெற்றியில் திருமண் காய்ந்து வெளிறியிருந்தது. மீனை அவர் தொட்டதில்லை. அட்டவணையில்தான் பார்த்திருக்கிறார். அங்கே அதற்கு வாடை கிடையாது.

“உட்காருங்கோ. உங்க டேட்டாவாலதான் ரிப்போர்ட்டே எடுபட்டுது. ஹைதராபாத்ல அப்படியே ஒத்துண்டுட்டா.”

ஏழுமலை உட்கார்ந்தான். முதல் முறையாக அவர் நோக்கத்தைச் சொன்னார். கரையோர அரசு நிலத்தை யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. மீன் பிழைக்கும் இடத்தில், வளர்க்கிறவனுக்கே பட்டா. பாதி சாகிற இடத்தில் அவனால் நடத்த முடியாது என்று அர்த்தம். அந்த நிலம் ஏற்றுமதிக் கம்பெனிக்குக் குத்தகை. ஏழுமலை கணக்கெடுத்த ஊர்களில் ஒன்றே ஒன்றுதான் கம்பெனிக்குப் போகிறது. அந்த ஊரின் பேரைச் சொன்னார். அக்கா இருக்கும் கரை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஏழுமலை நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

“சார், அது பொய் சார். அங்க மீனு அவ்ளோ சாவல.”

“எல்லாரும்தான் பொய் சொல்றா” என்றார் ஸௌரிராஜன். குரல் மாறவில்லை. “ஒருத்தன் கால்வாசி போச்சுங்கறான். ஒருத்தன் முக்காலுங்கறான். இன்னொருத்தன் எல்லாமே போச்சுன்னு அழறான். பொய் எப்பவும் சிதறும். சிதறலைப் பார்த்தா நான் கழிச்சுடுவேன். மத்த ஊருக்கெல்லாம் கழிச்சுதான் பட்டா எழுதியிருக்கு. இங்க சிதறலே இல்லை. நாலு பேரும் ஒரே பதில். அதை நான் எப்படித் தொடறது?”

“நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன். எங்க அக்கா அங்க கீறா…” நிறுத்தினான். “இருக்காங்க சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். கோபம் வரும் என்று ஏழுமலை காத்திருந்தான். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்ப எழுதிக் குடுங்கோ. இன்னிக்கே அனுப்பறேன். நீங்க எடுத்த ஊரெல்லாம் செல்லாதுன்னுடுவா. பட்டா வந்த குடும்பமெல்லாம் குளத்தை விட்டுப் போகணும். உங்க வேலையைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி எழுதியிருக்கேன், அதுவும் நின்னுடும். சரி, உங்க அக்காவுக்காவது நிலம் வருமோ? வராது. பொய் சொன்னவான்னு நாமே எழுதிக் குடுத்தப்புறம் எந்த சர்க்கார் அவாளுக்குக் குடுக்கும்?” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பேனா இருக்கோன்னோ?”

பேனா சட்டைப்பையில் இருந்தது. அதே பேனாதான். ஏழுமலை அதைத் தொடவில்லை.

“கோயிலுக்கு நாழியாறது” என்று அவர் எழுந்தார். “யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்கோ.”

மறுநாள் அவர் கேட்கவில்லை. இவன் சொல்லவில்லை. பங்குனியில் வேலை நிரந்தரமானது.

சித்திரையில் ஒரு காலை தேன்மொழி வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் அறை. சந்தில் மொட்டைத்தலையும் சந்தனமுமாக ஒரு குடும்பம் டிபன் கடையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அவர்களை ஒதுக்கிக்கொண்டு மூடி போட்ட பக்கெட்டோடு படியேறினாள். புடவையின் ஒரு பக்கம் முழங்கால் வரை நனைந்திருந்தது.

“காளாஸ்தில பஸ்ஸு மாறச்சொல்ல பாதி தண்ணி சிந்திப்போச்சுடா. கண்டக்டரு வேற வாய்க்கு வந்தத பேசறான்.” மூடியைத் திறந்தாள். “பாரு, இன்னும் கீது.”

முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா. பக்கெட்டுக்குள் வளைந்து கிடந்தது. செவுள் திறந்து மூடியது.

“வேல நெலச்சிதுன்னு நைனா போன் பண்ணாரு. வெறுங்கையோட எப்பிடி வர்றது?” தரையில் உட்கார்ந்தாள். “கம்பெனிக்காரங்க வந்து கல்லு நட்டுட்டாங்க. குளத்த ஒடச்சி விட்டாச்சி, இது ஒன்னுதான் மிஞ்சிச்சி. உங்க மாமா மெட்ராசுக்கு கட்டட வேலைக்கு போய்ட்டாரு. ரங்கையா ஒன்ன கண்டபடி திட்டிக்கினு கீறான். நான் உட்டுடுவேனா? எந்தம்பி படிச்சவன், அவன் சொன்ன மாரி நாம சொல்லிக்கீறோம், நஷ்டத்துக்கு கட்டாயம் ரிலீஃபு வரும், வாய மூடிக்கினு இருடான்னேன்.”

ஏழுமலை மீனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வரும்தானே?”

“வரும்க்கா.”

“எப்போ?”

“மேல போயிருக்குது. லேட்டாவும்.”

அவள் தலையாட்டினாள். அது போதுமாக இருந்தது அவளுக்கு. காப்பி குடித்தாள். புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். மகள் ரூபாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தியாகிவிட்டது என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள். அம்மாவோடு அவளும் கம்பெனியில் மீன் அறுக்கப் போகிறாளாம்.

“உப்புத்தண்ணி இல்லியேக்கா. இது செத்துடுமே?”

“இது அவ்ளோ சீக்கிரம் சாவாது. கொழாத்தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. பழகிக்கும்.”

படியிறங்கிப் போனாள். அது செத்தால் அறுக்கலாம் என்று ஏழுமலை காத்திருந்தான். வெயில் ஏறியது. வால் ஒரு முறை அடித்தது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினான். செவுள் திறந்து மூடியது. இன்னொரு சொம்பு ஊற்றினான். மீன் நிமிர்ந்து, பக்கெட்டின் விளிம்போரமாகச் சுற்றத் தொடங்கியது. கண் மட்டும் ஒரு பக்கமாக மேலே பார்த்தபடி இருந்தது.

மூடியைப் போட்டான். உள்ளிருந்து முட்டியது. கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லை எடுத்து மூடியின் மேல் வைத்தான். ஆபீசுக்குச் சட்டையை மாட்டி, பொத்தானைப் போடும்போது திரும்பிப் பார்த்தான்.

செங்கல் அசைந்தது.