தக்காளிக்குத் தைத்த பைகள்

கரமனையில் கலைச்செல்வியும் கணவனும் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் பத்தடி நிலம் சும்மா கிடந்தது. ஐப்பசிக் கடைசியில் மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர் தங்கப்பன், அரசு வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் வாங்கிய ஆறு தக்காளி நாற்றுகளைக் கொண்டுவந்து அங்கே நட்டார். கலைச்செல்வி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துபோயிருந்தது. தென்காசியிலிருந்து வந்து துணைக்கு இருந்த அம்மாவும் நாற்று நடுவதற்கு முந்தின நாள்தான் ஊருக்குப் போயிருந்தாள்.

தங்கப்பன் நாகர்கோவில் பஸ்ஸில் இருபது வருடம் கண்டக்டராக ஓடியவர். மலையாளியான அவருடைய தமிழ் அந்த பஸ்ஸில் கற்றுக்கொண்டது.

"மோளே, காலையில ஒரு சொம்பு, வைகிட்டு ஒரு சொம்பு. வேற ஒண்ணும் செய்யண்டா" என்றார்.

அவள் அப்படியே செய்தாள். சொன்னதைச் செய்வதில் அவளுக்குக் கஷ்டம் இல்லை. குளி என்றால் குளித்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். செடி முழங்கால் உயரம் வந்ததும் மஞ்சளாகப் பூத்ததும் கண்ணில் பட்டன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மார்கழி வந்தது. பக்கத்து வீடுகளில் காகித நட்சத்திரம் தொங்கியது. விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் சில்லிட்டது. அது கையில் விழுந்துகொண்டிருக்கும், அவள் மூடாமல் நின்றுகொண்டிருப்பாள்.

காய் சிவக்கத் தொடங்கியபோது அணில் வந்தது. எதையும் முழுதாகத் தின்னவில்லை. ஒரு கடி கடித்துக் கீழே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிற்று.

அவள் கணவன் செல்வகணேஷ் கிழக்கேகோட்டையில் ஒரு சைவ ஹோட்டலில் தோசை போடுகிறவன். மூன்று மணிக்கு வேலை முடிந்து வந்தவன், கீழே கிடந்த ஏழு காய்களையும் பொறுக்கி வரிசையாக வைத்துப் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில்கூட யாரிடமும் ஒரு வார்த்தை அதட்டிப் பேசாதவன், கல்லை எடுத்துத் தென்னை மரத்தின் மேல் எறிந்தான். இன்னொன்று எறிந்தான்.

"தின்னாலும் பரவால்ல. கடிச்சுக் கடிச்சுல்லா போடுது."

"விடுங்க" என்றாள் கலைச்செல்வி.

அவன் விடவில்லை. மிளகாய்ப்பொடியைக் கரைத்துத் தெளித்தான். பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டான். அணில் சிடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கடித்தது. கடைசியில் விழிஞ்ஞத்து மீனவர் ஒருவரிடம் கிழிந்த மீன்வலை வாங்கி வந்து, நாலு கம்பு நட்டுச் சுற்றிக் கட்டினான்.

மூன்றாம் நாள் காலை சொம்போடு போன கலைச்செல்வி, வலையில் அணில் சிக்கியிருப்பதைப் பார்த்தாள். கழுத்திலும் ஒரு காலிலும் வலைநூல் இறுகியிருந்தது. கத்திக் கத்தித் தொண்டை ஓய்ந்து, வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக நறுக்கினாள். கடைசிக் கண்ணி அறுந்ததும் அது அவள் கட்டைவிரலைக் கடித்துவிட்டு ஓடியது.

ரத்தம் சொட்டியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாடியிலிருந்து தங்கப்பன் எட்டிப் பார்க்காவிட்டால் இன்னும் நின்றிருப்பாள்.

"எந்தா மோளே இது, கை முழுக்க சோர" என்று இறங்கி வந்தவர், குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் பார்த்துவிட்டு, ரணஜன்னி வராமலிருக்க ஒரு டிடி ஊசி எழுதினார். ஊசி அறையில் இருந்த நர்ஸ் பாறசாலைப் பெண், பெயர் அனுஷா. தமிழிலேயே பேசினாள்.

"இதுக்கு முன்ன டிடி எப்போ எடுத்தீங்க?"

"ஜூன்ல ஒண்ணு. ஜூலைல ஒண்ணு."

"எதுக்காக்கும்?"

"மாசமா இருந்தேன்."

"அப்போ இது வேண்டாம், அந்த ஊசியே போதும். டாக்டர்ட்ட நான் சொல்லிடுதேன்." நர்ஸ் சிரித்துக்கொண்டே காயத்துக்கு மருந்து வைத்தாள். "குழந்தைய யார்ட்ட விட்டுட்டு வந்தீங்க?"

வெளியே வாசலில் நின்ற தங்கப்பன் தரையைப் பார்த்தார்.

"இல்ல" என்றாள் கலைச்செல்வி. "வயித்துலயே போயிட்டு."

நர்ஸின் கை நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாகக் கட்டுப் போட்டாள். இருவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். குழந்தை போனதை இத்தனை நாளில் அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அழுகை வரும் என்று காத்திருந்தாள். கரமனைப் பாலம் வந்தது, அழுகை வரவில்லை. விரல் மட்டும் விண்விண் என்று வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் வலையை அவிழ்த்துச் சுருட்டி வைத்தாள். பழத்துக்குத் தனித்தனியாகத் துணி கட்டிவிடலாம் என்று தோன்றியது. காற்றுப் போகிற மெல்லிய துணியாக வேண்டும். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. அப்பாவின் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, ஓரம் அடித்து, வெந்நீரில் அலசி அம்மா ஆவணியில் அனுப்பியவை. அதில் எட்டை எடுத்து, கட்டுப் போட்ட விரலோடு கைத்தையலில் பதினாறு பை தைத்தாள்.

செல்வகணேஷ் வந்தபோது செடிகளில் வெள்ளைப் பைகள் தொங்கின. ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தான்.

"இது அத்தை குடுத்துவிட்ட துணில்லா."

"ஆமா. சும்மாதான இருக்கு."

அவன் செடி அருகிலேயே குத்தவைத்தான். முதுகைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்குவது தெரிந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கட்டாமல் இருந்த மூன்று பைகளை அவனிடம் கொடுத்தாள். கொஞ்சநேரம் கழித்து அவன் கட்டினான்.

பொங்கலுக்கு ஒன்பது பழம் தேறியது. நாலைத் தங்கப்பன் வீட்டுக்குக் கொடுத்தாள். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலுரித்துப் பொரியல் செய்தாள். மிச்சத் தக்காளியில் ரசம் வைத்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவள் நிறுத்தினாள்.

"ரசத்துல உப்பு இல்ல. சொல்லவே இல்ல நீங்க."

"ரெண்டு மூணு மாசமாவே அப்பிடித்தான்" என்றான் அவன். எழுந்து போய் உப்புச்சாடியை எடுத்துவந்து அவளுக்கு முன்னால் வைத்தான்.